தங்கச்சிக்கு ஒரு வைரத் தகடு

பலெர்மோ
4 நவம்பர் 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிரசாந்தினி எழுதுகிறேன். நானும் விதுரனும் சுகம். கேசிகாவுக்கு இரண்டு முன்பல்லும் விழுந்துவிட்டதால் அவளுடைய தமிழும் இத்தாலியனும் இப்போது ஒரே மாதிரித்தான் கேட்கின்றன. உங்களுக்கு எப்படி? அண்ணியின் முழங்கால் இந்தக் குளிருக்கு என்ன சொல்கிறது?

இந்தக் காலத்தில் கடதாசியில் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். வட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும் ஒரு பெருவிரல் படத்தைப் போட்டுவிட்டு இருந்துவிடுகிறீர்கள். போன வருடக் காய்ச்சலோடு உங்கள் காது போனபின் தொலைபேசியும் நின்றுவிட்டது. பெருவிரலோடு மட்டும் உறவு கொண்டாட எனக்குத் தெரியாது. ஆகவே இது.

விஷயத்துக்கு வருகிறேன். வியா மக்வேதா வீதிக்குப் பின்னால் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடையில் பச்சையாகப் பரிமாறும் மீனை வெட்டுகிறவர் பெப்ரவரியோடு மிலானோவுக்குப் போகிறார். அந்த மேசையை யாருக்குக் கொடுப்பதென்று செஃப் சால்வோ எங்களில் மூன்று பேரைச் சோதிக்கப்போகிறார். மரக்கறி வெட்டி, சட்டி கழுவி ஆறு வருடம் போய்விட்டது அண்ணா. எனக்கு அந்த மேசை வேண்டும்.

நீளமான மீன் கத்தி ஒன்றும் தண்ணீரில் ஊறவைத்துத் தீட்டும் சாணைக்கல் ஒன்றும் வாங்கினேன். தீட்டித் தீட்டிக் கல்லின் நடு குழிந்துவிட்டது. இப்போது கத்தி எனக்குச் சொல்வழி கேட்பதில்லை. கல்லைச் சமப்படுத்த வைரத்தூள் பதித்த தகடு வேண்டும் என்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் நூறு தகடு, நூறு இலக்கம். நீங்கள் தளபாடத் தொழிற்சாலையில் இருபது வருடம் உளி தீட்டியவர். எதை வாங்க? சோதனை டிசம்பர் பதினொன்று.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
பிரசா

*

பலெர்மோ
2 டிசம்பர் 2023

அன்புள்ள அண்ணா,

சுகமாயிருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். நாங்களும் சுகம். இன்னும் மழை வரவில்லை, பல்கனியில் உடுப்பு காய்கிறது.

பதில் வரவில்லை. கடிதம் வழியில் எங்காவது தவறிவிட்டதோ என்று அண்ணியிடம் கேட்டேன். "கடிதம் வந்தது, மேசையிலைதான் கிடக்குது" என்று மட்டும் எழுதினா. நான் அதற்குமேல் கேட்கவில்லை.

நாள் நெருங்கிவிட்டதால் நானே ஒன்று வாங்கிவிட்டேன். மலிவுதான். ஆனால் அட்டைப்பெட்டியில் நல்ல பளபளப்பான படம் இருந்தது. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கீறிவிட்டுத் தகட்டால் தேய்த்தேன். கோடுகள் எல்லா இடமும் அழிந்தன. அப்படியென்றால் சமம்தானே?

எனக்காக ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
பிரசா

*

டெட்மோல்ட்
13 டிசம்பர் 2023

அன்புள்ள தங்கச்சி பிரசாவுக்கு,

அண்ணா உமாசுதன். எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம். ஜேர்மனி முழுக்கப் பனி.

பதில் பிந்திவிட்டது.

நீ கேட்டதற்கு. பெட்டியில் உள்ள படத்தையும் இலக்கத்தையும் நம்பாதே. தகட்டில் முதலில் பார்க்க வேண்டியது அது தட்டையா என்பது. தகடே வளைந்திருந்தால் தன் வளைவைத்தான் கல்லுக்குக் கொடுக்கும். அகலம் கல்லின் அகலத்துக்குக் குறையக்கூடாது. மிக நுண்மையான தகடு ஈரக்கல்லோடு ஒட்டிக்கொண்டு இழுபடும். முந்நூறு, நானூறு இலக்கம் போதும். கரையும் சேறு வழிந்தோட மேலே கோடோ துளையோ உள்ளது நல்லது. வாங்கியவுடன் கோடு கீறும் எஃகு அடிமட்டம் ஒன்றைத் தகட்டின் மேல் விளிம்பில் நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். கீழே வெளிச்சம் கசிந்தால் திருப்பிக் கொடு.

இனி மலிவு வாங்காதே.

அண்ணா

*

பலெர்மோ
28 டிசம்பர் 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணிக்கும் உங்களுக்கும் புதுவருட வாழ்த்து. இங்கே கேசிகாவுக்குத் தடிமல், மற்றப்படி குறையில்லை. உங்கள் கடிதம் சோதனை முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை கடை பூட்டு. சால்வோ மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பாரை மீன் தந்தார். செதிள் எடுத்து, முள்ளெடுத்து, தோலுரிக்கும்வரை நான்தான் முன்னுக்கு நின்றேன். பிறகு துண்டு போட வேண்டும். மெல்லிசாக, ஒரே இழுவையில். கத்தி நேரே போகாமல் பக்கத்துக்கு ஓடியது. நான் அமர்த்தினேன். ஓரமெல்லாம் பஞ்சு மாதிரிக் கிழிந்துவிட்டது. சால்வோ கோபிக்கவில்லை. ஒரு துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "உன் கை நல்லது. கத்திதான் உனக்கு எதிரி" என்றார். யாரையும் எடுக்கவில்லை. பெப்ரவரி இருபத்தாறாம் திகதி இன்னொரு தரம் என்றிருக்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கேசிகாவின் அடிமட்டத்தை எடுத்து, என் தகட்டின் மேல் நிமிர்த்தி, ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். நடுவில் மட்டும் தொட்டது. இரண்டு முனையிலும் வெளிச்சம். தகட்டுக்கு முதுகு கூனியிருக்கிறது. அந்தக் கூனல் கல்லின் குழிக்குள்ளே சரியாகப் போய் உட்கார்ந்து தேய்த்திருக்கிறது. அதனால்தான் கோடு எல்லாம் அழிந்தது. குழி அப்படியே இருக்கிறது.

அழவில்லை. சரி, கொஞ்சம் அழுதேன்.

நீங்கள் பிந்தியதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. வேலைக்குத் திரும்பப் போனீர்களா என்று மட்டும் கேட்கிறேன். காது கேளாதவரை இயந்திர வாள் பக்கம் விடமாட்டோம் என்று தொழிற்சாலையில் சொன்னார்களே, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று?

அன்புடன்
பிரசா

*

டெட்மோல்ட்
10 ஜனவரி 2024

அன்புள்ள பிரசா,

சுகம். கேசிகாவின் தடிமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு.

இத்துடன் என் தகட்டை அனுப்புகிறேன். நல்ல தகடு. கூனல் இல்லை. இனி உன்னிடமே இருக்கட்டும்.

பெப்ரவரியில் நன்றாகச் செய்.

அண்ணா

*

பலெர்மோ
24 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் மூவரும் நல்ல சுகம். நீங்கள் இருவரும் எப்படி என்று இந்தமுறை ஒப்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

பார்சல் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். குசினி மேசையில் வைத்துப் பிரித்தேன். தகட்டை எண்ணெய்ச் சீலையில் சுற்றி, அதற்குமேல் காகிதம் சுற்றி அனுப்பியிருந்தீர்கள். அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்தேன். ஒரு மயிரிழை வெளிச்சம் வரவில்லை. "இங்கை பாருங்கோ, அண்ணா தன்ரை தகட்டையே அனுப்பிப்போட்டார்" என்று விதுரனிடம் காட்டினேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "அப்ப அவர் தன்ரை கல்லை என்னத்திலை சமப்படுத்துவார்?"

"வேறை வைச்சிருப்பார்."

"வைச்சிருந்தா, 'இனி உன்னட்டையே இருக்கட்டும்' எண்டு ஏன் எழுதுறார்?"

கையில் இருந்த சந்தோஷம் அப்படியே கனத்தது. தச்சுவேலை செய்கிறவர் இதைக் கொடுத்தால் பிறகு கல் இல்லை. கல் இல்லாவிட்டால் உளி இல்லை. நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் எழுதாத பதில் இந்தப் பெட்டிக்குள்ளே வந்திருக்கிறது என்று விளங்கிற்று. நீங்கள் எனக்குத் தகடு தரவில்லை அண்ணா. உங்கள் தொழிலை மடித்துக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

அதை நான் வாங்கமாட்டேன். திருப்பி அனுப்புகிறேன். கூடவே என் கல்லையும் அனுப்புகிறேன், குழியோடு. உங்கள் உளிகள் கிடக்கும் கராஜைத் திறந்து, உங்கள் தகட்டால், உங்கள் கையால் சமப்படுத்தித் தாருங்கள். பிறகு எனக்கென்று ஒரு புதுத் தகடு தெரிவுசெய்து தாருங்கள். இணையத்தில் பார்த்தல்ல. கடைக்குப் போய், அடிமட்டம் வைத்துப் பார்த்து.

வேறு கல் நான் வாங்கப்போவதில்லை. பெப்ரவரி இருபத்தாறுக்கு முன் இந்தக் கல் வந்தால் நான் மேசையில் நிற்பேன். வராவிட்டால் மொட்டைக் கத்தியோடு நிற்பேன். விதுரன் "உனக்கு விசரோ?" என்று கேட்டுவிட்டார். இருக்கலாம்.

கோபித்தால் கோபியுங்கள். பெருவிரல் மட்டும் போடாதீர்கள்.

உங்கள் பிடிவாதக்காரத் தங்கச்சி
பிரசா

*

டெட்மோல்ட்
6 பெப்ரவரி 2024

அன்பு மச்சாள் பிரசாவுக்கு,

நாகபூசணி எழுதுகிறேன். முழங்கால் நோ பரவாயில்லை. நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க நயினை அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நான் எழுதுவது உம்முடைய அண்ணாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

பெட்டி வந்தது. அவர் கடிதத்தைப் படித்தார். பிறகு எழும்பி நின்று, "அவளுக்கு என்ன பைத்தியமே? இருபத்தாறாந் திகதி சோதனை, கல்லை இஞ்சை அனுப்பிப்போட்டு நிக்கிறாள்!" என்று சத்தம் போட்டார். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள். காது போன நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் குரல் எழும்பவே இல்லை பிரசா. தன்னுடைய சத்தம் தனக்குக் கேட்காததால், அளவு தெரியாமல் கத்திவிடுவேனோ என்ற வெட்கத்தில் வாயைக் கட்டிவைத்திருந்தார். காதில் பூட்டிய கருவி சத்தத்தைக் கொடுக்கிறது, சொல்லைக் கொடுக்கவில்லை. தொழிற்சாலையில் களஞ்சிய அறையில் பெட்டி அடுக்கும் வேலை தருகிறோம் என்றார்கள். வேண்டாமென்றுவிட்டு யன்னலோரம் இருந்தவர்தான்.

பிறகு நாலைந்து நாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். இன்று காலை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கக் கராஜ் பக்கமிருந்து சர், சர் என்று ஒரு சத்தம். கல்லில் தகடு போகிற சத்தம். அது அவருக்குக் கேட்காது. நான் கதவடியில் நின்று அவருக்கும் சேர்த்துக் கேட்டேன்.

தேத்தண்ணி ஆறிவிட்டது. வேறு ஊற்ற வேண்டும்.

அண்ணி

*

டெட்மோல்ட்
15 பெப்ரவரி 2024

அன்புள்ள பிரசாவுக்கு,

எல்லோரும் சுகமென்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியில்லாவிட்டால் இவ்வளவு வாய் காட்டமாட்டாய்.

நான் கோபித்தது உண்மை. கோபம் இருக்கும்போதுதான் கராஜைத் திறந்தேன். பூட்டு இறுகிப்போய் எண்ணெய் விட வேண்டியிருந்தது. உள்ளே என் சீவுளியில் செம்மண் நிறத்தில் துரு. உளிகளைப் பார்க்கவே மனம் கூசியது.

உன் கல்லைத் தண்ணீரில் ஊறவைத்தேன். கட்டம் கீறினேன். தகட்டை வைத்துத் தள்ளினேன். இதைச் செய்யும்போது சத்தத்தைக் கேட்டுத்தான் கல் சமமாவதை அறிவது என் வழக்கம். அந்தச் சத்தம் இல்லாமல் எப்படிச் செய்வது என்றுதான் இவ்வளவு நாளும் இந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் முதலில் தகடு கரை இரண்டிலும் கடித்துக் கடித்துப் போனது. பிறகு கடி குறைந்து, கல் முழுவதும் ஒரே மாதிரி வழுக்கத் தொடங்கியது. அது உள்ளங்கையில் தெரிகிறது பிரசா. காதை விடத் தெளிவாகத் தெரிகிறது. நடுக் கட்டத்தில் கடைசிக் கோடு போனதும் கையை எடுக்க மனம் வரவில்லை. என் கல்லையும் எடுத்துச் சமப்படுத்தினேன். பிறகு ஒரு உளியைத் தீட்டினேன். பிறகு மற்றதை.

அடுத்தநாள் பீலஃபெல்டில் உள்ள தச்சுக் கருவிக் கடைக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது என்ன சொல்வதென்று கடதாசியில் எழுதி வைத்திருந்தேன். அங்கே போனதும் கண்ணாடியை எடுத்துவர மறந்தது தெரிந்தது. எழுதியதை என்னாலேயே வாசிக்க முடியவில்லை. வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. "எனக்குக் காது கேளாது, நானூறு இலக்கத்தில் உள்ள வைரத் தகடெல்லாம் காட்டுங்கோ" என்று ஜேர்மன் மொழியில் சொன்னேன். அளவு கூடிவிட்டது போலும். ஆணி வாங்கிக்கொண்டு நின்ற ஒரு மனுசி திடுக்கிட்டுத் திரும்பினாள். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. கடைக்காரர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்று தகட்டை எடுத்துப் பரப்பிவிட்டு, ஒரு எஃகு அடிமட்டத்தையும் பக்கத்தில் வைத்தார்.

முதலாவது நடுவில் பள்ளம். இரண்டாவது நல்ல தகடுதான், ஆனால் ஒரு மூலையில் வெளிச்சம் கசிந்தது. விலை குறைவாயிருந்ததால் உனக்கு அதை எடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மூன்றாவதில் எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டு. அதைத்தான் அனுப்புகிறேன்.

புதிதில் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பிடுங்கும். பயப்படாதே, போகப் போகப் பணியும். தண்ணீர் தாராளமாக விடு. கல்லைக் கழுவி வைக்கும்போது ஓரங்களை லேசாக மழுக்கிவிடு, இல்லாவிட்டால் உதிரும். உன் கல்லும் பெட்டிக்குள் இருக்கிறது. விரைவுத் தபாலில் போட்டிருக்கிறேன்.

என் தகட்டை நான் வைத்துக்கொள்கிறேன்.

அண்ணா

*

பலெர்மோ
2 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு, அண்ணிக்கு,

சுகம், சுகம், சுகம். மற்றதைக் கேளுங்கள்.

பெட்டி இருபத்தோராம் திகதி வந்தது. அன்றிலிருந்து கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். கேசிகா வந்து, "அம்மா, பாஸ்தா, கத்தி முடிஞ்சு போகும்!" என்று கையைப் பிடித்தாள். அவளுடைய பாஸ்தாவுக்குப் போதும் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை சூரை மீன். கத்தியை வைத்தேன், இழுத்தேன், முடிந்தது. நான் அமர்த்தவே இல்லை. துண்டின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. இறால் உரிப்பதில் மற்றப் பெண் என்னை விட வேகம், அதையும் சொல்லத்தான் வேண்டும். சால்வோ எங்கள் தட்டுகளைச் சுற்றி வந்தார். என் தட்டில் ஒன்றை எடுத்துத் தின்றார். இன்னொன்றையும் தின்றார். பிறகு கத்தியை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தார்.

"யார் தீட்டியது?"

"நான்."

"கல்லைச் சமப்படுத்தியது?"

"ஜேர்மனியில் என் அண்ணா."

"கல்லை ஜேர்மனிக்கா அனுப்பினாய்?" என்று சிரித்தவர், சிரிப்பு நின்றதும், "நாளைக்கு மத்தியானம் இந்த மேசைக்கு வா" என்றார். நான் கழுவும் தொட்டிப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுக்கு இறால் பகுதி.

புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. அண்ணா, சித்திரையில் இரண்டு பேரும் இங்கே வாருங்கள். மறுப்புச் சொல்லாதீர்கள். "அளவு கூடிவிட்டது" என்று எழுதியிருந்தீர்களே, நீங்கள் இந்த ஊர்ச் சத்தத்தைக் கண்டதில்லை.

அன்புடன்
பிரசா

*

டெட்மோல்ட்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள பிரசா, விதுரன், என் குட்டி கேசிகாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். அண்ணி நீங்கள் தந்துவிட்ட எலுமிச்சம்பழத்தில் ஊறுகாய் போட்டுவிட்டாள். உங்கள் பல்கனியில் இருந்து தேத்தண்ணி குடித்தது இன்னும் உடம்பில் இருக்கிறது. முழங்கால் நோவைப் பற்றி அவள் மூச்சே விடவில்லை, கவனித்தாயா?

உன் வீட்டில் வைத்துச் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். நீ வேலைக்குப் போன பிறகு நான் தனியே அல்பெர்கேரியாப் பக்கம் இறங்கி, பல்லறோ சந்தைக்குப் போனேன். மீன்காரனிடம் விலை கேட்டேன். தமிழில்தான் கேட்டேன், எவ்வளவு சத்தத்தில் என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் என்னை விடப் பெரிதாக வாயைத் திறந்தான். பிறகு விரல்களைக் குவித்து ஆட்டினான், இரண்டு விரலை நிமிர்த்தினான், கன்னத்தில் விரலை வைத்துத் திருகிக் காட்டினான். விலை இரண்டு கூட, ஆனால் தின்றால் சொர்க்கம். அவ்வளவும் விளங்கியது. பக்கத்தில் ஒரு கிழவி நாடியின் கீழே கையால் வழித்து விசுக்கினாள். அவன் சொல்வதை நம்பாதே என்றாள். அதுவும் விளங்கியது. நான் நின்று பார்த்தேன். சந்தை முழுவதும் கையால் கதைத்துக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு கூட்டத்துக்குள்ளே நின்று எல்லாம் விளங்கிக்கொண்டது எப்போதென்று எனக்கு ஞாபகமில்லை. மீனை வாங்கிக்கொண்டு, அங்கேயே கொஞ்சநேரம் நின்றேன்.

இங்கே வந்த மூன்றாம் நாள், பழைய கதவு ஜன்னல்களைக் கையால் பழுதுபார்க்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். மாஸ்டர் வயதானவர், என்னை விட மெதுவானவர். "காது கேளாது. கையால் காட்டுங்கோ, இல்லாட்டி எழுதுங்கோ. சத்தமாகக் கதைத்தால் தோளில் தட்டுங்கோ" என்றேன். அவர் ஒரு உளியைத் தந்தார். ஒரு பழைய கதவுச் சட்டத்தில் பொருத்து வெட்டிக் காட்டினேன். அவர் தலையாட்டவில்லை, புகழவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் மே ஆறாம் திகதியில் விரலை வைத்தார்.

ஆக, மே ஆறு, திங்கட்கிழமை வேலை தொடங்குகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்க அண்ணி வாசலில் வந்து நிற்கிறாள். விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், பிறகு இரண்டு கையாலும் ஒரு முடிச்சுப் போட்டு, என் பக்கம் நீட்டுகிறாள். திங்கட்கிழமைக்குச் சோறு கட்டித் தருவாளாம். நான் தலையாட்டி "ஓம்" என்றேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

அண்ணா